யளனக மறக்குமா?

வணக்கம் சார்,

கும்பகோணத்தில் இருபத்தாறு வருடமாக டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைக்கும்) கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எப்போதாவது உள்ளூர்க் கவிஞர் ஒருவரின் புத்தகம். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு முடித்தவன். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும்தான் என் உலகம். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். பழைய விண்டோஸ் எக்ஸ்பி உள்ளதில் பேஜ்மேக்கர் வேலை. 2015இல் வாங்கிய இன்னொன்றில் விண்டோஸ் 10. மெயில், ஸ்கேன், ஜெராக்ஸ், வாட்ஸப் எல்லாம் அதில்தான். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இதில் 11 ஏறாது, புதிது வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் பார்ப்பவர். மகனோ விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிறான். நீங்கள் லினக்ஸுக்கு மாறியதாக எழுதியிருந்தீர்கள். 57 வயதில் எனக்கு அது படியுமா? கை வேலை கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சர்வீஸ்காரர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸராவது வேண்டும். அந்தத் தலைமுறை வெளிவந்ததே 2017இல். உங்கள் 2015 கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, பந்தியில் அதற்கு இலை போடவில்லை, அவ்வளவுதான். அதில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். மகன் சொல்வதும் சரி.

ஆனால் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே நின்றுவிட்டது, அதற்கப்புறமும் எத்தனை கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருக்கிறீர்கள்! பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. லினக்ஸுக்கு அது வந்ததே இல்லை. ஒயின் என்றொரு மென்பொருள் இருக்கிறது, அதை வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். சோறு போடும் இயந்திரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கிவிட்டு, அது ஓடுகிற வரை ஓடட்டும்.

மாற வேண்டியது மற்றதுதான். அதில் கை என்ன பாடுபடும் என்று கேட்கிறீர்கள், என் கதையைச் சொல்கிறேன்.

விண்டோஸில் நான் என்ஹெச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வர ஆல்ட்டையும் 1ஐயும் சேர்த்து அழுத்துவேன். பத்து வருடத்துக்கு மேல் அழுத்திய விரல், மூளையைக் கேட்காமல் தானே போய்விடும். லினக்ஸில் அந்த வேலைக்கு விண்டோஸ் படம் போட்ட விசையும் ஸ்பேஸ் பாரும். சரி, இரண்டு நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன். நான் கவனிக்காத ஒன்று இருந்தது: லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு ஆல்ட்டும் 1உம் என்றால் முதல் தாவலுக்கு (டேப்) போ என்று அர்த்தம். மெயில் எழுத உட்கார்ந்து தமிழுக்கு மாறப் பார்ப்பேன், திரையில் வங்கிக் கணக்கு வந்து நிற்கும். திரும்பி வந்து மறுபடி அழுத்துவேன், மறுபடி வங்கி. முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை இருப்பைப் பார்த்திருப்பேன். ஒருமுறைகூட அது கூடியிருக்கவில்லை.

மூன்று வாரம் அப்படிப் போனது. நான்காவது வாரத்தில் ஒருநாள் யோசித்தால், காலையிலிருந்து வங்கியையே பார்க்கவில்லை. விரல் எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. அந்த மூன்று வாரம் நான் தட்டுத்தடுமாறும் ஆளாக இருந்தேன் என்பதுதான் வலி. பக்கத்தில் யாராவது நின்று பார்த்தால் கோபம் வரும். உங்கள் கடையில் எதிரே வாடிக்கையாளர் நிற்பார். அதனால் முகூர்த்த மாதத்தில் மாறாதீர்கள், ஆடியில் மாறுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் விண்டோஸா லினக்ஸா என்பது சின்னக் கேள்வி. பெரிய கேள்வி பாமினி. எக்ஸ்பியில் 'தமிழ்' என்று அடித்த ஒரு கோப்பைப் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். நீங்கள் இத்தனை வருடம் சேமித்து வைத்திருப்பது உண்மையில் அதைத்தான். மேலே போர்த்திய எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. லினக்ஸ் போட்ட முதல் நாளே பழைய கோப்பு ஒன்றைத் திறப்பீர்கள், இப்படித் தெரியும், பழி லினக்ஸ் மேல் விழும்.

ஆகவே முதலில் கோப்புகளை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் என்ற எழுத்துமாற்றி இருக்கிறது, என்ஹெச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது, இரண்டுக்கும் பாமினி தெரியும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. திரும்பக் கேட்டு வருகிறவர்களுடையதும், அந்தக் கவிஞர்களின் புத்தகங்களும் போதும்.

மாற்றியபின் ஒன்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். கௌரி என்று அடிக்க நீங்கள் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு ள போடுவீர்கள். எழுத்துமாற்றி அதைக் 'கெ' என்றும் தனி 'ள' என்றும் எடுத்துக்கொள்ளலாம். பார்வைக்கு அதே கௌரிதான், பத்திரிகையில் அச்சடித்தாலும் மணப்பெண் வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டரில் தேடினால் கௌரி கிடைக்க மாட்டாள், 'கெளரி'தான் இருப்பாள். துணைக்காலுக்குப் பதில் அவசரத்தில் ர போட்டிருந்தால் அதே கதை. இருபத்தாறு வருடத்தில் எத்தனை கௌரிக்குப் பத்திரிகை அடித்தீர்களோ!

விரல் பற்றிய பயத்துக்கு ஒரு நல்ல செய்தி. லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருளையும் மகன் நிறுவித் தந்தால், தமிழ்99ஓடு பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் பட்டியலில் வரும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99இல் அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளி தானாக விழும். அந்த அழகில் மயங்கித்தான் நான் அதைக் கற்றேன். ஆனால் ஹையர் முடித்தவருக்கு, டைப்ரைட்டரில் இடது கையின் நான்கு விரலும் நிற்கும் ய, ள, ன, க விசைகள், அந்த யளனக, விரலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை இப்போது எழுப்பிவிட வேண்டாம். சிஸ்டத்தையும் விசைப்பலகையையும் ஒரே மாதத்தில் மாற்றியவர்கள் பாதியில் திரும்பி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. லினக்ஸுக்குப் போகும் முன், இருக்கிற விண்டோஸ் 10லேயே கடிதம், கணக்கு எழுதும் லிப்ரே ஆபீஸையும் ஃபயர்பாக்ஸையும் போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். இரண்டும் லினக்ஸிலும் இருப்பவை. வீடு மாறும்போது பாத்திரங்களாவது பழையதாக இருக்கும்.

அப்புறம் மகனிடம் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. நிறுவுகிற அன்று மட்டும் திரையில் கேட்பதை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். நான் படிக்காமல் அழுத்தியதில் நாலு வருடத்துப் படங்கள் போயின. என் அவசரம், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

பென் டிரைவில் ஓட்டும்போது ஸ்கேனரைக் கட்டாயம் சோதியுங்கள். என் பழைய பிரிண்டர் லினக்ஸில் அழகாக அச்சடித்தது, ஸ்கேன் மட்டும் செய்ய மறுத்தது. நான் போனில் படம் எடுத்து ஒப்பேற்றினேன். ஆதார் ஜெராக்ஸுக்கு நாளெல்லாம் ஆள் வந்து நிற்கும் கடையில் அது நடக்காது. ஸ்கேனர் ஓடவில்லையென்றால் இப்போதைக்கு மாறாதீர்கள், அந்த ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

57 வயது பற்றி: டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்த முதல் வாரம், வரி முடிந்ததும் உங்கள் இடது கை இல்லாத நெம்புகோலைத் தேடி எழுந்திருக்குமே, நினைவிருக்கிறதா? அதை எத்தனை நாள் தேடினீர்கள் என்று எழுதுங்கள். பிரிண்டர், ஸ்கேனர் மாடலையும் குறிப்பிடுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.