டர்போ இல்லாத 2ஜேஇசட்-ஜிஈ எஞ்சின்ல டர்போ போடலாமா, இல்ல ஜிடிஈ தான் தேடணுமா?

தாராளமா போடலாம். ரெண்டுமே டொயோட்டாவோட 3 லிட்டர் ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், செம ஸ்ட்ராங். ஆனா டர்போவோட வர்ற ஜிடிஈல கம்ப்ரெஷன் (பிஸ்டன் மிக்சரை எத்தனை மடங்கு அமுக்குதுங்கற கணக்கு) 8.5, ஜிஈல 10. கம்ப்ரெஷன் கூட இருக்கும்போது பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளுற காத்தழுத்தம்) ஏத்தினா ஸ்பார்க்கோட தீ போய்ச் சேர்றதுக்குள்ளயே மிச்ச காத்து-பெட்ரோல் மிக்சர் சூட்டுல தானா வெடிக்கும், அதான் நாக்கிங், பிஸ்டனை உடைக்கிறதே இதுதான். அதனால 0.5 பார் பூஸ்ட்ல ஆரம்பிங்க, அந்தக் காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் கண்டிப்பா வேணும், அதுக்கு மேல போகணும்னா தடிமனான ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல வர்ற தகடு) போட்டு கம்ப்ரெஷனைக் கொஞ்சம் இறக்கிக்கலாம்.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் எவ்ளோன்னு அளக்குறது) பண்ணுங்க, ஆறு சிலிண்டர்லயும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும், ஒண்ணு மட்டும் அடி வாங்கியிருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க ப்ளீஸ்.

பெரிய இன்ஜெக்டர், பம்ப், ஈசியூ (எஞ்சினைக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) ட்யூனிங் இதெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க. டர்போல இருந்து ஆயிலைத் திருப்பி எஞ்சினுக்குக் கொண்டுபோற ஆயில் ரிட்டர்ன் பைப்பை யாரும் கண்டுக்கறதில்ல. அது அகலமா, மடங்காம கீழ இறங்கி சம்ப்ல (எஞ்சின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேல சேரணும், இல்லன்னா ஆயில் டர்போலயே தேங்கி சீல் வழியா கசிஞ்சு சைலன்சர்ல நீலப் புகை வரும், நல்ல டர்போவையே போச்சுன்னு கழட்டிடுவாங்க.