சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர், கூட்டுப் பட்டா. ‘சுற்றுலாத் திட்டம்’ என்று சொல்லி அரசு விலை பேசுகிறது. விசாரித்தால், இசை விழா நடத்தும் ஒரு கம்பெனிக்காகவாம். அப்பா வெட்டிய கிணறு சார். அண்ணன் என்னைக் கேட்காமலே சம்மதித்துவிட்டார். தடுக்க முடியுமா?

பதில்: கிணறு யார் வெட்டியது, அங்கே இனி ஸ்பீக்கர் அலறுமா, அண்ணன் ஏன் கேட்கவில்லை... இதையெல்லாம் மனுவில் எழுதினால் நீதிபதி பக்கத்தைப் புரட்டிவிடுவார். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நடப்பது அரசு கட்டாயமாகச் செய்யும் நில எடுப்பா, நீங்களாக விற்கும் கிரயமா? 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அறிவிப்பு வராதவரை இது வெறும் விலைப் பேச்சு. முடியாது என்று சொல்லலாம்.

எனக்குப் பயம் அந்தச் சம்மதக் கடிதம்தான். வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் விலைக் கட்டம் காலியாக இருந்த படிவத்தில் கையெழுத்திட்டார். பின்னாலேயே கிரயப் பத்திரமும் பதிவானது. வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் மறுத்தார். அவர் நிலத்தைச் சட்டப்படி எடுத்தார்கள். ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிப் பணம் வாங்கி, 64ஆம் பிரிவில் கூடுதல் இழப்பீடு கேட்டார். கிரயம் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வழியே கிடையாது. ஐந்து ஆண்டு பயன்படுத்தாத நிலத்தை உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்பித் தரச் சொல்லும் 101ஆம் பிரிவும், சும்மா கைமாற்றி விற்றால் கூடுதல் மதிப்பில் 40 சதவீதம் பங்கு தரும் 102ஆம் பிரிவும் எடுக்கப்பட்ட நிலத்துக்குத்தான். என் கட்சிக்காரர் பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காக மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. அரசு நிலம் எடுக்கச் சட்டம் அனுமதிக்கும் பொது நோக்கப் பட்டியலிலேயே சுற்றுலா இருக்கிறது. நிலத்தை அரசே தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துத் தன் வசம் வைத்துக்கொண்டால் உங்கள் சம்மதம் தேவையில்லை. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். நிலம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பேரத்துக்கு உதவும், நிலத்தைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

முதலில் அண்ணனோடு பாகப்பிரிவினையைப் பதிவு செய்யுங்கள், கிணற்றில் யாருக்கு என்ன பங்கு என்பதோடு. இல்லாவிட்டால் அவர் பாகத்தை வாங்கிய அரசோடு நீங்கள் பாகம் பிரிக்க வேண்டிவரும். அவரோடு பேசுவது சுலபம், கோபமாக இருந்தாலும்.

பிறகு கணக்குப் போடுங்கள். சட்டப்படி எடுத்தால் கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையான எண்ணால் பெருக்கி, கிணறு, மரங்களின் மதிப்பைச் சேர்த்து, அந்த மொத்தத்துக்குச் சமமாக 100 சதவீத ஆறுதல் தொகையும் தர வேண்டும். அதற்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் கையெழுத்து வேண்டாம். கூடுதலாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வேறு நிலம் பாருங்கள்.