"யாரோடும் ஒட்டாதவர்கள்" என்று சொல்லிக்கொள்ளும் மாணவர்களிடமும் என்னால் ஒட்ட முடியவில்லை. குறை என்னிடமா?

இல்லை என்றே சொல்வேன். வகுப்பில் மற்ற யாரோடும் பழக முடியாமல், இவர்களாவது சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பி நீங்கள் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன்.

2011-இல் நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். வீடு கடலூர் மாவட்டத்தில், ரெட்டிச்சாவடிக்கு அருகே. பள்ளி புதுச்சேரி நகருக்குள். முடி வளர்த்துக்கொண்டு, ஆங்கில ராக் பாடல்களை மட்டுமே கேட்டு, மதிப்பெண்ணுக்காகப் படிப்பவர்களை இகழ்ந்து பேசும் சிலர் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகுதான் அவர்கள் காந்தி சிலைப் பக்கம் கூடுவார்கள். அந்த நேரத்தில் நான் கடலூர்ப் பேருந்தில் அரியாங்குப்பத்தைத் தாண்டிக்கொண்டிருப்பேன். இருட்டுவதற்குள் மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்றதற்கு, "வீட்டுக்கு அடங்கின பிள்ளை" என்றார்கள். இளையராஜா பாடல்கள் பிடிக்கும் என்று சொன்ன நாளில், "நீ எங்களை மாதிரி வித்தியாசமானவன் இல்லை" என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான். முடியின் நீளம், பாட்டு, கூடும் நேரம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் விதி இருந்தது. பள்ளிச் சீருடையில்கூட அவ்வளவு கண்டிப்பை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் வீட்டுக் கூரை பறந்தது. மின்சாரம் திரும்பப் பல நாட்களாயின. நான் பள்ளிக்குத் திரும்பியபோது அதே மாணவன், "நீ கொடுத்துவைத்தவன், எழுதுவதற்கு உனக்கு நிஜமான வேதனை கிடைத்திருக்கிறது" என்றான். விட்டுப்போன பாடங்களை எனக்காக எழுதிக் கொடுத்தவர்கள், அவர்கள் இகழ்ந்த அந்த மதிப்பெண் பிள்ளைகள்தாம்.

இதைப் பொறாமை என்று சிலர் சொல்லக்கூடும். அவன் வீட்டிலும் நிம்மதி இல்லை என்பதை நான் அறிவேன். அவன் துயரத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தன் துயரத்தை உரிமைச் சீட்டாக வைத்துக்கொண்டு இன்னொருவனுடைய துயரத்தை எடைபோட அவனுக்கு உரிமை இல்லை என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன்.

என்னைப் போன்ற எல்லையோரப் பிள்ளைகளை உண்மையில் வெளியே நிறுத்தியது தமிழ்நாடு-புதுச்சேரி எல்லைக்கோடுதான் என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் படித்தும், குடியிருப்பு அங்கே இல்லாததால் அந்த யூனியன் பிரதேசத்தின் கல்லூரி ஒதுக்கீட்டு இடங்களுக்கு நான் விண்ணப்பிக்க முடியவில்லை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கோ, வெளியே படித்தவன் என்பதால் பிறப்பிடச் சான்று வாங்க அப்பா வேலையை விட்டுவிட்டு அலைந்தார். எல்லையோரக் கிராமப் பிள்ளைகளுக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

உங்கள் குழுவில் மற்றவர்கள் வெறுக்கும் ஒரு பாட்டைப் பிடிக்கும் என்று யாராவது தயங்காமல் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்கிறவர் ஒருவர் இருந்தாலும், குழுவை விட்டுவிட்டு அவரிடம் பேசுங்கள்.