சம்பளத்துண்டை வாசித்தவர்கள்

கேள்வி: தோட்டத்தில் பிறந்த மூன்று சகோதரிகளின் கதையை 1960களிலிருந்து இன்றுவரை நாவலாக எழுதுகிறேன். மூத்தவள் கொழுந்து எடுக்கிறாள், நடுவிலாள் இந்தியா போகிறாள், கடைசி ஆள் ஆசிரியை. பெண்களின் நிலை மாறியதைக் காட்டச் சட்டங்களையும் ஆண்டுகளையும் கதைக்குள் சொல்ல வேண்டுமா?
– ஒரு வாசகி, நோர்வூட், இலங்கை

பதில்: ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள் மகள். கதைக்குள் விடாதீர்கள்.

1984இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் ஒன்றானது. பெரிய விஷயம்தான். ஆனால் எங்கள் லயத்தில் அதற்குப் பிறகும் அக்காவின் சம்பளத்தை அப்பாதான் வாங்கி வந்தார். கூடின காசு தவறணையைத் தாண்டி வரவில்லை. ஒரு மாலை அக்கா இஸ்தோப்பில் சம்பளத்துண்டை விரித்தாள். கொழுந்துக் கறை ஏறி வெடித்திருந்த விரலை ஒவ்வொரு வரியாக வைத்து, “இது என்ன கழிவு? இது?” என்று என்னை வாசிக்கச் சொன்னாள். அரிசி, மாவு, முற்பணம். உள்ளே அப்பா இருமினார். அடுத்த சம்பளத்துக்கு அவளே போய் வரிசையில் நின்றாள். முப்பது வயது அவளுக்கு. உங்கள் மூத்தவள் எப்போது போய் நின்றாள்? அந்த அத்தியாயத்தில் அவசரப்படாதீர்கள்.

நடுவிலாளுக்கு வருவோம். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. உங்களுக்கு அதில் ஒருத்தி போதும். இந்தியா போக விண்ணப்பித்தது அவளா, அவள் புருஷனா? தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களில் பலர், தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டங்களில், கூடலூர்ப் பக்கம், மறுபடி கொழுந்துதான் எடுத்தார்கள்.

கடைசி ஆளை மட்டும் ஜெயித்தவளாக்கிவிடாதீர்கள். படித்த தங்கச்சி எல்லாவற்றையும் வென்றுவிடுகிற கதைகள் எனக்கு அலுத்துவிட்டன. நானும் ரீச்சர்தான். என் சம்பளம் வங்கிக்கு வந்தது. வங்கிப் புத்தகம் பதினோரு வருஷம் என் வீட்டுக்காரரின் அலுமாரியில் இருந்தது. அக்காவிடம் சொன்னபோது, “துண்டு வாசிச்சவ நீதானேடி!” என்று சிரித்தாள்.

அப்புறம், பெரட்டு, கொந்தரப்பு, தவறணை மாதிரித் தோட்டத்துச் சொற்களுக்கெல்லாம் அடிக்குறிப்பு போட வேண்டாம். வாசிக்கிறவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.