பவளத்தில் பூத்த புழு: கேள்வி பதில்

பள்ளி விடுமுறையில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போய், அங்கே படகேறித் தியோமான் தீவைப் பார்த்துவந்த நம் பிள்ளைகள், பவளப்பாறையில் முளைத்த ‘கிறிஸ்துமஸ் மரங்களை’ப் படமெடுத்து வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் கேட்டவை இவை.

தோட்டக் கிராணி ஒருவர்: ஐயா, இது செடியா, பிராணியா?

பிராணிதான். மண்புழுவும் அட்டையும் இதற்குப் பங்காளிகள். மூன்றும் வளைதசைப் புழுக்கள். உடல் முழுவதும் பவளத்துக்குள் சுண்ணாம்புக் குழலில் இருக்கிறது. தலையில் உள்ள இறகுக் கிரீடம் மட்டும்தான் வெளியே தெரியும். படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ‘மரங்களும்’ ஒரே புழுவின் இடப்பாதி, வலப்பாதி.

தமிழ்ப்பள்ளி மாணவி: இறகால் எப்படிச் சாப்பிடும், சார்?

செம்பனை மட்டையை நினைத்துக்கொள், பாப்பா. நடுவே காம்பு, இருபுறமும் ஓலை. கிரீடத்தின் ஒவ்வோர் இறகும் அப்படித்தான். ஓலை ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் துடிக்கின்றன. அந்தத் துடிப்பில் கடல்நீர் வெளிப்புறமிருந்து இறகுகளின் இடுக்கு வழியே உள்ளே வந்து மேலே போகிறது. நீரில் மிதக்கும் துகள் சளியில் ஒட்டி, ஓலையின் பள்ளக்கோட்டிலிருந்து காம்பின் பள்ளக்கோட்டுக்கு இறங்கி, அடியிலுள்ள வாய்க்கு வருகிறது. உன் பாட்டியைக் கேள், பால்மரத்தில் வெட்டிய கோடு வழியே பால் வழிந்து கோப்பையில் விழுவதைச் சொல்வார், அதே வேலைதான்.

இதன் உறவான மயில்புழு இன்னும் கெட்டிக்காரி. பொடித்துகளைத் தின்னும், பெரியதைத் தள்ளிவிடும். நடுத்தர மணலைச் சேர்த்துவைத்துச் சளியில் பிசைந்து குழல் கட்டும். சல்லடையும் கொத்தனாரும் ஒரே உறுப்பில்!

அந்தப் பாட்டியே: விரலை நீட்டியதும் உள்ளே ஓடிவிட்டதாமே, கண் இருக்கிறதா?

இருக்கிறது, அம்மா, அதுவும் அந்தக் கிரீடத்திலேயே. நிழல் விழுந்தால் போதும், சட்டென்று இழுத்துக்கொள்ளும். இந்த வேகத்துக்குப் பெரிய நரம்பிழை வேண்டும். மிக்சிகோலா என்ற உறவுப் புழுவில் அது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன்.

மண்டோர்: மீன் கடித்துவிட்டால்?

மறுபடி முளைக்கும். அதுவரை மூச்சுக்கும் சிரமம், ஏனெனில் இறகுதான் செவுளும். இதன் குடும்பத்திலும் மயில்புழுவின் குடும்பத்திலும் பலவற்றுக்கு இரத்தமே பச்சை.

கல்லூரித் தம்பி: இந்த இறகு எதிலிருந்து வந்தது?

நல்ல கேள்வி. பல கடற்புழுக்களுக்குத் தலையில் தடவி உணரவும் இரை பிடிக்கவும் ஒரு ஜோடி நீட்சிகள் உண்டு. அந்த ஜோடியே கிளைத்துக் கிரீடமானது என்பதே பரவலான கருத்து. கிரீடம் இன்றும் இரண்டு பாதியாக இருப்பதைக் கவனியுங்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி வேறு. உள்ளே போனதும் குழலை மூட இப்புழுவுக்கு ஒரு மூடி உண்டு. அதுவும் உருமாறிய இறகுதான். அபோமேட்டஸ் என்ற பேரினத்தில் மூடியைத் தாங்கும் காம்பில் இன்னும் ஓலைகள் இருக்கின்றன. கதவாகியும் இறகை விடவில்லை!

1977இல் கலாபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் கண்ட ராட்சதக் குழல்புழுவைப் பலர் இதனோடு குழப்புகிறார்கள். அதற்குச் சிவப்புக் கொண்டை உண்டு, ஆனால் வளர்ந்தபின் வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களே சோறு போடுகின்றன. கொண்டை அவற்றுக்கு வாயுக்களைச் சுமந்து கொடுக்கிறது.

கிராணி மீண்டும்: நம் ஊர் ஓடையில் கிடைக்குமா?

இந்தச் சுண்ணாம்புக் குழல் குடும்பத்தில் நன்னீரில் வாழ்வது மரிஃபுகியா ஒன்றுதான், அதுவும் பால்கன் பகுதிக் குகைகளில். செம்பனைத் தோட்ட வாய்க்காலில் தேடினால் உங்களுக்கு அட்டைதான் கிடைக்கும்.