மச்சான் பார்த்தது எந்தப் படம்?

கேள்வி: 2016-இல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’ எனக்கு உயிர். ஆனால் மாமாக் கடையில் தே தாரிக் வருவதற்கு முன்பே மச்சான் “மார்த்தா!” என்று கத்தி எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுகிறார். “அம்மா பேரைக் கேட்டதும் சண்டையை நிறுத்த இது என்ன பழைய தமிழ்ப்படமா?” என்கிறார். பள்ளி விடுமுறையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள். படத்தைப் போட்டுக் காட்டி அவர் வாயை அடைக்க வேண்டும். எப்படி வாதாடுவது? தாமான் மண்டபத்தில் பெரிய திரையில் போடலாமா? மச்சானின் 9 வயது மகனும் வருவான், அவன் பார்க்கலாமா?
— ஒற்றை ஆளாய் வாதாடுபவன், செந்தூல்

பதில்: வாயை அடைப்பது கடினம். மச்சான்கள் அதற்காகப் பிறந்தவர்கள் அல்லர். சிரிப்பை நிறுத்தி யோசிக்க வைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. வாதத்தைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் பார்த்தது எத்தனை நிமிடப் படம்?”

இந்தப் பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. 2016 மார்ச்சில் திரையரங்குக்கு வந்தது ஏறக்குறைய 151 நிமிடம். அதே ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டில் பார்ப்பதற்காக வெளியான ‘அல்டிமேட் எடிஷன்’ ஏறக்குறைய 182 நிமிடம். கூடுதலாக உள்ள அரை மணி நேரத்தைச் சண்டைக் காட்சிகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி துப்பறியும் கதை. யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள், யார் யாரை மாட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. திரையரங்குக்குப் போன படத்தில் காரியங்கள் எல்லாம் இருந்தன, காரணங்களை வெட்டிவிட்டார்கள். “ஒன்றுமே புரியவில்லை” என்று அன்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆப்பிரிக்கப் பாலைவனக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லோயிஸ் லேன் ஒரு போராளித் தலைவனைப் பேட்டி எடுக்கப் போகிறாள், கூலிப்படை அங்குள்ளவர்களைச் சுட்டுத் தள்ளுகிறது, சூப்பர்மேன் வந்து அவளைக் காப்பாற்றுகிறான். அடுத்து அமெரிக்காவில் எல்லாரும் அவனைக் கொலைகாரன் என்கிறார்கள். துப்பாக்கியால் செத்தவர்களுக்கு அவன் எப்படிப் பொறுப்பு? 151 நிமிடப் படத்தில் இதற்கு விடை கிடையாது. நீண்ட வடிவத்தில் கூலிப்படை பிணங்களைத் தீயால் கருக்குகிறது. சூப்பர்மேனின் கண்ணிலிருந்து வரும் வெப்பக் கதிர் பட்டதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக. அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் கஹினா என்ற பெண், தன்னைப் பேச வைத்தது வில்லன் லெக்ஸ் லூதரின் ஆட்கள் என்று பின்னால் ஒப்புக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவளை ரயில் முன் தள்ளிவிடுகிறார்கள்.

நாடாளுமன்றக் குண்டுவெடிப்பும் அப்படித்தான். சாட்சி சொல்ல வந்த ஒருவரின் சக்கர நாற்காலியில் குண்டு இருக்கிறது. எதையும் ஊடுருவிப் பார்க்கும் சூப்பர்மேன் இதைப் பார்க்கவில்லையா? நாற்காலியில் ஈயத்தகடு பதித்திருந்தார்கள், ஈயத்தை அவன் பார்வை தாண்டாது. லோயிஸ் இதைக் கண்டுபிடிக்கும் காட்சி நீண்ட வடிவத்தில்தான் உண்டு. குண்டு வெடித்த பின் தீக்கு நடுவே சும்மா நின்றுவிட்டு மறைகிறானே என்ற கோபத்துக்கும் பதில் அங்கேதான். காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். சில நொடிக் காட்சி. அதை வெட்டியதில் கதாநாயகன் கல்நெஞ்சக்காரனாகிவிட்டான்.

சூப்பர்மேன் கிளார்க் என்ற நிருபராகக் கோதம் நகருக்குப் போய் எளிய மக்களிடம் பேட்மேனைப் பற்றி விசாரிப்பதும் நீண்ட வடிவத்தில்தான் முழுமையாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவனுக்குப் பேட்மேன் மீது வரும் கோபம் வெறும் பொறாமையாகத் தெரியும். ஆகவே வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் பெயரைப் பார்க்காதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். 2 மணி 31 நிமிடம் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். 3 மணி 2 நிமிடம்தான் வேண்டும். வெட்டப்பட்ட காட்சிகளைத் துண்டு துண்டாகக் கைப்பேசியில் காட்டி ஒப்பேற்றலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஈயத்தகட்டைத் தனியாகக் காட்டினால் யாருக்கு என்ன புரியும்?

இனி மார்த்தா.

மச்சானின் கேலி, பேட்மேன் சண்டையை நிறுத்துவது அவன் தாய்க்கும் சூப்பர்மேனின் வளர்ப்புத் தாய்க்கும் ஒரே பெயர் என்பதால் என்று வைத்துக்கொண்டு செய்யும் கேலி. படத்தின் தொடக்கத்தை நினைவூட்டுங்கள். பின்னாளில் பேட்மேனாகும் சிறுவன் புரூஸின் கண்முன் பெற்றோர் சுடப்படுகிறார்கள். தந்தை சாகும்போது கடைசியாகச் சொல்லும் சொல் “மார்த்தா”. படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருந்து, சூப்பர்மேன் தரையில் கிடந்து சாகும் நேரத்தில் திருப்பித் தருகிறது. நின்றுகொண்டு பார்க்கும் புரூஸ் இப்போது எந்த இடத்தில் இருக்கிறான்? தன் தந்தையைச் சுட்டவன் நின்ற இடத்தில். சூப்பர்மேனைக் குத்த ஓங்கிய ஈட்டி நிற்பது அதனால்தான். “அட, உங்க அம்மா பேரும் அதுவா” என்ற நட்பு அங்கே கிடையாது. அதுவரை வேற்றுக்கிரகப் பிராணி என்றுதான் அவனைப் பார்த்தான். அந்தப் பிராணிக்கும் காப்பாற்ற ஒரு தாய் இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

“அம்மா என்று சொல்லாமல் பெயரைச் சொல்வானா எவனாவது?” என்று மச்சான் அடுத்துக் கேட்பார், கட்டாயம் கேட்பார். தான் சாகப் போகிறோம் என்று சூப்பர்மேன் முடிவு செய்துவிட்டான். லெக்ஸ் கடத்தி வைத்திருக்கும் தாயைக் காப்பாற்றும் வேலையைத் தன்னைக் கொல்பவனிடமே ஒப்படைக்கிறான். தேட வேண்டியவனிடம் பெயரைத்தானே சொல்ல வேண்டும்? கழுத்தில் கால் இருக்கும்போது விளக்கவுரை வராது. சண்டைக்கு முன்பே அவன் நிதானமாகப் பேச முயல்கிறான், லெக்ஸின் சதியைச் சொல்ல வாயெடுக்கிறான். புரூஸ் வைத்திருந்த பொறிகள்தான் அந்தப் பேச்சை முறித்துவிடுகின்றன. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய தமிழ்ப்படமா என்ற கேள்விக்குக் கூச்சப்படாமல் ஆமாம் சொல்லுங்கள். போருக்கு முன் கர்ணனைக் குந்தி சந்திக்கும் இடத்தில் கண் கலங்கியவர்கள் நாம். தாய் என்றதும் ஆயுதம் தாழ்வது நமக்குப் புதிதா என்ன?

ஆனால் பேட்மேன் கொலை செய்வதைப் பற்றி யாராவது கேட்டால் இவ்வளவு நிமிர்ந்து உட்கார வேண்டாம். இங்கே ரசிகர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்கிறார்கள். 1939 மே மாத காமிக்ஸ் இதழில் வந்த முதல் பேட்மேன் கதையிலேயே வில்லன் அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான், 1989 படத்திலும் பேட்மேன் கொல்கிறான் என்று பட்டியல் போடுவார்கள். தகவல் சரிதான், ஆனால் வாதத்துக்கு உதவாது. ‘முன்பும் செய்தான்’ என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதுதானே? வாலி வதைப் பட்டிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். கம்பன் வாலிக்கு வாய் கொடுத்து, ராமனை எதிர்த்துக் கூர்மையான கேள்விகளைக் கேட்க வைத்தான். அதனால்தான் அந்த இடம் இன்றைக்கும் கனக்கிறது. இந்தப் படத்தில் அந்த வாய் பேட்மேனின் பணியாள் ஆல்ஃபிரடுக்கு. நல்லவர்களையும் கையாலாகாத கோபம் கொடியவர்களாக்கும் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். குற்றவாளிகளின் உடம்பில் வௌவால் சின்னத்தைச் சூடு போடும் பேட்மேனைப் படம் பாராட்டவில்லை. கடைசியில் சிறையில் லெக்ஸின் முன் அதே சூட்டுக்கோலோடு நிற்கிறான், கையை ஓங்கி, சுவரில் குத்துகிறான். அந்தச் சுவரைக் காட்டி வாதாடுங்கள்.

அப்போதும் ஓர் ஓட்டை மிஞ்சும். மனம் மாறிய பின் மார்த்தாவை மீட்கக் கிடங்குக்குள் போகிறானே, அங்கேயும் ஆட்கள் சாகிறார்கள். இதற்கு எங்களிடம் பதில் இல்லை. படமெடுத்தவர்களிடமும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. பேட்மேன் சண்டைக் காட்சிகளில் அது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பது வேறு விஷயம்.

ஓட்டைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. பெரிய மோதலுக்குக் களம் சூடாகும் நேரத்தில் வொண்டர் வுமன் மடிக்கணினியைத் திறந்து ஃபிளாஷ், அக்வாமேன், சைபோர்க் காணொளிகளைப் பார்க்கிறாள். அடுத்த படத்துக்கான விளம்பரம் அது, வேறொன்றுமில்லை. பாலைவனக் கனவும் அதைத் தொடர்ந்து வரும் எச்சரிக்கையும் புதியவருக்குத் தலைவலி. “இது கனவு, இந்தப் படத்துக்குத் தேவையில்லை” என்று அந்த இடத்தில் மெல்லச் சொல்லிவிடுங்கள். டூம்ஸ்டே என்ற அரக்கன் வேறு. 1986-இல் நான்கு காமிக்ஸ் இதழ்களாக வந்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ ஒரு முழுக்கதை, 1992-இல் வந்த சூப்பர்மேன் மரணக் கதை இன்னொரு முழுக்கதை. ஒரே பாத்திரத்தில் இரண்டு குழம்பையும் ஊற்றியிருக்கிறார்கள். முதல் கதையின் புத்தகத்தை கேஎல்சிசி கினோகுனியாவில் தேடிப் பாருங்கள். கவசம் அணிந்த பேட்மேன் எங்கிருந்து வந்தான் என்பது ஒரு பக்கத்தைப் புரட்டினாலே விளங்கும். லெக்ஸாக நடித்த ஜெஸ்ஸி ஐசன்பர்க்கைப் பற்றி வாதமே வேண்டாம். பிடித்தவருக்குப் பிடிக்கும்.

வசூலைச் சொல்லி வாதாடாதீர்கள். உலக அளவில் 87 கோடி டாலருக்கு மேல் வந்தது உண்மை. அமெரிக்காவில் இரண்டாம் வாரக்கடைசியில் வசூல் 69 சதவிகிதம் சரிந்ததும் உண்மை, மச்சான் அதைத் தூக்கிப் போட்டால் வாதம் அங்கேயே முடிந்தது. விமர்சகர்களுக்குக் காசு கொடுத்தார்கள் என்ற கதை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. மோசமான படங்களுக்குத் தரும் ராஸி விருதுகள் நான்கை அவர் எடுத்து நீட்டினால், திரைக்கதைக்குக் கிடைத்ததில் பாதி அந்த வெட்டுக்குச் சேர வேண்டியது என்று சொல்லிச் சிரித்துவிடுங்கள். 2021-இல் வந்த நான்கு மணி நேர ‘ஜஸ்டிஸ் லீக்’கைத் துணைக்கு இழுக்காதீர்கள், அது வேறு வழக்கு.

மண்டபம் வேண்டாம். பொதுவில் திரையிட 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி எல்பிஎஃப் என்ற தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும், உரிமையாளரின் சம்மதம் தனியாக வேண்டும். வீட்டு வரவேற்பறை போதும்.

மாலை நான்கு மணிக்குத் தொடங்காதீர்கள். அந்த நேரத்துக் கோலாலம்பூர் மழை தகரக் கூரையில் விழுந்தால் ஆல்ஃபிரட் முணுமுணுப்பதில் ஒரு சொல்லும் காதில் விழாது. வசனங்களில் பாதி முணுமுணுப்புதான், எனவே மழை இல்லாவிட்டாலும் எழுத்து வசனத்தைப் போட்டுவிடுங்கள். சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரவு எட்டுக்குத் தொடங்குங்கள். இருட்டியிருக்கும், அது முக்கியம். டூம்ஸ்டே சண்டை முழுக்க இருளும் புகையும். விளக்கு எரிந்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். தொலைக்காட்சியில் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்பை வையுங்கள், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஃபிலிமில் எடுத்த படம், அந்த வசதி இருந்தால் மெகாத்தொடர் போல ஆகிவிடும். 2021-இல் வந்த 4கே மறுபதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் வரும்போது படம் உயர்ந்து, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். பெட்டி கெட்டுவிட்டது என்று யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் அழுத்துவார்கள். ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.

இதற்கு முந்திய கதையான 2013-இன் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தைப் பார்க்காதவர்கள் இருந்தால் முதல் நாளே அதன் கடைசி நாற்பது நிமிடத்தைக் காட்டிவிடுங்கள். மெட்ரோபோலிஸ் நகரம் இடிவதை அங்கே மேலிருந்து பார்ப்போம். இந்தப் படத்தில் அதே இடிபாட்டைப் புரூஸோடு தெருவில் ஓடிக்கொண்டு பார்ப்போம். அவன் கோபத்தின் நியாயம் முழுவதும் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. முதல் பதினைந்து நிமிடம் யாரும் வடையைக் கடிக்கக்கூடாது என்று சட்டம் போடுங்கள். தந்தை “மார்த்தா” என்று சொல்வது மச்சான் காதில் விழாமல் போனால் அடுத்த மூன்று மணி நேரம் வீண்.

இடைவேளை குண்டுவெடிப்புக்குப் பின், சூப்பர்மேன் காயம்பட்டவரைத் தூக்கி வந்த உடனே. இருபது நிமிடம் போதும். பதினொன்றரைக்குப் படம் முடியும். மாமாக் திறந்துதான் இருக்கும், வாதத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்றால் அக்கா மச்சான் பக்கம் சேர்ந்துவிடுவார்.

சின்னவனுக்கு இந்தப் படம் வேண்டாம். அமெரிக்காவில் நீண்ட வடிவத்துக்கு வன்முறைக்காக ‘ஆர்’ தரம் கொடுத்திருக்கிறார்கள். கருக்கிய பிணமும் உடம்பில் சூடும் 9 வயதுக்கு ஆகாது. மத்தியானமே அவனுக்கு 1978-இன் ‘சூப்பர்மேன்’ படத்தைப் போட்டுவிட்டு, இரவில் பாட்டியோடு தூங்க அனுப்புங்கள். அதிலும் லெக்ஸ் லூதர் ஒருவரை ரயில் முன் தள்ளிவிடுகிறான். ஆனால் அந்தக் காட்சியில் பயப்படும் பிள்ளைகள் குறைவு. கஹினாவின் முடிவை இரவில் பார்க்கும்போது, மத்தியானம் மகனோடு உட்கார்ந்திருந்த மச்சானுக்கு அந்த ரயில் நினைவுக்கு வருகிறதா என்று கவனியுங்கள்.