ரிப்போர்ட்டில் 'லார்டோசிஸ் அதிகம்' என்று வந்திருக்கிறது. உள்ளே வளைந்த முதுகை நேராக்க முடியுமா?

பக்கவாட்டில் நின்று கண்ணாடி பார்த்தால் இடுப்புக்கு மேலே முதுகு குழிந்து, வயிறு முன்னே தள்ளி, பின்பக்கம் தூக்கி நிற்கிறது, நின்றால் வலிக்கிறது, பெல்ட் போட்டால் நேராகுமா, ஆபரேஷன் வரை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வார்த்தையை என் ரிப்போர்ட்டில் பார்த்து இரண்டு நாள் தூங்காமல் கிடந்தவன் நான். டாக்டர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதையும் அப்புறம் கேட்டுப் படித்ததையும் எழுதுகிறேன்.

முதலில், லார்டோசிஸ் என்பதே நோயின் பெயர் இல்லை, முதுகெலும்பு உள்ளே வளைவதற்கான பெயர். முதுகெலும்பு கழுத்தில் உள்ளே வளையும், மார்புக்குப் பின்னால் வெளியே வளையும், இடுப்புக்கு மேலே மறுபடி உள்ளே வளையும், எல்லோருக்கும் அப்படித்தான். வெளியே அதிகமாக வளைந்தால் கூன் என்று சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்கிறது, உள்ளே வளைவதற்கு அப்படி ஒரு வழக்குச் சொல் இல்லை, அதனால் ரிப்போர்ட்டில் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறிவிடுகிறோம்.

அளவு விஷயத்துக்கு வருவோம். நிற்க வைத்து, பக்கவாட்டில், கைகளை மடக்கி விரல்களைக் காறை எலும்பின் மேல் வைக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுப்பார்கள் (படுக்க வைத்து எடுத்தால் வளைவு மாறிவிடும், உங்களுக்கு எப்படி எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்). இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடு, அதற்கெல்லாம் அடியில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே உள்ள திருவெலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம்தான் அளவு. கோப் கோணம் என்பார்கள். ஜான் கோப் என்ற அமெரிக்க டாக்டர் 1948இல் இதைச் சொன்னது பக்கவாட்டில் வளையும் முதுகுக்காக, பிறகு இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். 40 முதல் 60 டிகிரி சாதாரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் வலியே இல்லாத ஆட்களை அளந்தாலும் நிறைய பேர் அதற்கு வெளியே விழுவார்கள். ஒருவருக்கு எவ்வளவு வளைவு வேண்டும் என்பதை அவருடைய இடுப்பெலும்பு அமைந்திருக்கும் சாய்வு தீர்மானிக்கிறது, வளர்ந்து முடித்தபின் அது பெரிதாக மாறாது. அதனால் 65 டிகிரி என்பது உங்களுக்குச் சரியான அளவாகவே கூட இருக்கலாம்.

என்னைக் கேட்டால் டிகிரியை விட முக்கியமான கேள்வி, வளைவு அசைகிறதா என்பது. குனியும்போது அந்தக் குழி விரிந்து முதுகு ஒரே வில்லாக ஆகிறதென்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை, தசையும் நிற்கும் பழக்கமும்தான் காரணமாக இருக்கும். குனிந்தாலும் குழி அப்படியே விறைத்து நின்றால் உள்ளே என்ன என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டி நின்று முதுகுக்குப் பின்னால் கை நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நானும் நம்பினேன், பின்பக்கம் சதை அதிகம் உள்ளவர்களுக்கு எப்படியும் கை தாராளமாக நுழையும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எனக்கு விஷயம் புரிந்தது பிசியோதெரபிஸ்ட்டின் மேஜையில். விளிம்பில் உட்கார வைத்து, அப்படியே மல்லாக்கப் படுக்கச் சொல்லி, இடது முழங்காலை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப்பிடிக்கச் சொன்னார். முதுகு மேஜையில் பதிந்தது. பதிந்த அதே நொடியில் வலது தொடை தானாக மேலே எழும்பி அந்தரத்தில் நின்றது, நான் தூக்கவே இல்லை. அவர் அதை ஒரு விரலால் அழுத்தினார், இறங்கவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் தொடை இறங்கியது, கூடவே முதுகு மேஜையை விட்டுக் கிளம்பியது. "பாருங்க சார், வளைவு முதுகுல இல்ல, தொடை முன்பக்கத்துல இருக்கு" என்றார். 19ஆம் நூற்றாண்டில் ஹியூ ஓவன் தாமஸ் என்பவர் இடுப்பு மூட்டு நோய்க்காகக் கொண்டுவந்த சோதனையாம், தாமஸ் டெஸ்ட். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்ததில் தொடையை மடக்கும் தசை இறுகி, நிமிர்ந்து நிற்கும்போது இடுப்பெலும்பை முன்பக்கமாகக் கவிழ்க்கிறது, முதுகு அதற்கு ஈடுகட்ட உள்ளே வளைகிறது. என் கதை இவ்வளவுதான்.

எல்லோர் கதையும் இப்படி முடிவதில்லை. என் சித்தி மகன் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவன், பதினைந்து வயதில் இதே மாதிரி குழி, பின்தொடைத் தசைகள் நாண் போல இறுகி, குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. அவனுக்குக் கடைசி முள்ளெலும்பு திருவெலும்பின் மேல் முன்னால் நழுவியிருந்தது, ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் என்றார்கள். சில மாதம் விளையாட்டை நிறுத்தி, பயிற்சி செய்து, ஆபரேஷன் இல்லாமலே சரியானான். மேல்முதுகில் கூன் விழுந்திருந்தால் அதற்கு ஈடாகக் கீழே உள்வளைவு கூடும், தொப்பை, கர்ப்பம், இடுப்பு மூட்டுப் பிரச்சினை எல்லாமும் கூட்டும். சின்னப் பையன் தரையிலிருந்து எழும்போது தன் தொடையில் கை ஊன்றி ஊன்றி ஏறி எழுந்தால் அது தசை நோயாக இருக்கலாம், முதுகைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே குழந்தை டாக்டரிடம் போங்கள்.

காலில் பலம் குறைவது, மரத்துப்போவது கூடிக்கொண்டே வருவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, இவை இருந்தால் எம்ஆர்ஐ உட்பட எல்லாம் பார்க்க வேண்டும். பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது என்றால் அன்றைக்கே எமர்ஜென்சி, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

சிகிச்சையில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுத் தசை பலவீனம் என்று யாரோ சொல்ல, தினம் ஐம்பது சிட்-அப் எடுத்தேன், வலி கூடியது. முழுதாக எழுந்து உட்காரும் அந்தப் பயிற்சியில் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் அதே தொடை மடக்கும் தசைதான் பாதி வேலையைச் செய்கிறது! பிசியோ அதை நிறுத்தி, ஒரு முழங்கால் தரையில் ஊன்றி மற்றக் காலை முன்னே வைத்து நிற்கச் சொன்னார். இதில் எல்லோரும் முன்னால் சாய்ந்து முதுகை வளைத்து ஏமாற்றிவிடுவோம், நானும் செய்தேன். சாயாமல், ஊன்றிய பக்கத்துப் புட்டத்தை இறுக்கி இடுப்பை உள்ளே சுருட்டினால்தான் தொடை முன்பக்கம் இழுபடுவது தெரியும். அப்புறம் மல்லாந்து படுத்து முதுகைத் தரையில் பதிப்பது, புட்டத்தைத் தூக்குவது, முதுகு பதிந்தபடியே எதிரெதிர் கை காலை நீட்டுவது. தினம் இருபது நிமிஷம். மூன்று மாதத்தில் வலி போய்விட்டது. கண்ணாடியில் வளைவு? கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது, உண்மையைச் சொல்கிறேன்.

பெல்ட் வலி அதிகமாக உள்ள சில நாளுக்கு ஆறுதல், அதனால் பெரியவர்களின் முதுகு நேராகாது. வளரும் பிள்ளைகளுக்குச் சில நிலைகளில் டாக்டரே அளவெடுத்துத் தரும் பிரேஸ் வேறு விஷயம். ஆபரேஷன் என்பது எலும்பு நழுவல் கூடிக்கொண்டே போவது, நரம்பு அழுந்துவது, தசை நோயால் உட்காரவே முடியாதபடி வளைவது போன்ற நிலைகளுக்குத்தான், நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. குனியும்போது குழி விரிகிறதா என்று மட்டும் வீட்டில் யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த எக்ஸ்ரே நின்று எடுத்ததா படுத்து எடுத்ததா என்பதையும் கமெண்ட்டில் எழுதுங்கள்.